கற்பிட்டியில் ஹசீனா தாத்தாவின் கடை திறந்துதான் இருக்கிறது

போன வருடம் கற்பிட்டியில் மதியச் சோறு சாப்பிட ஒரே ஒரு கடையைத்தான் இங்கே எழுதியிருந்தேன்: மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஹசீனா தாத்தாவின் கடை. (தாத்தா என்றால் இங்குள்ள முஸ்லிம்களின் பேச்சில் அக்கா. கிழவர் யாரையும் தேடிப் போகாதீர்கள்.) அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி ஒரே பல்லவி. "கடை பூட்டு என்றார்கள்." "அது எப்போதோ மூடியாயிற்றாம்." ஒருவர் ஒரு படி மேலே போய், கடலோரத்தில் மேசைவிரிப்புப் போட்ட நல்ல இடமாகப் பார்த்து எழுதும்படி புத்தி சொல்லியிருந்தார். மேசைவிரிப்பைச் சாப்பிடவா இரண்டு பஸ் மாறிப் போகிறோம்? இருந்தாலும் கடை உண்மையிலேயே மூடியிருந்தால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். கண்ணால் பார்த்துவிடுவது என்று ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கொழும்பிலிருந்து காலை 5.30க்குப் புத்தளம் பஸ். ஏறத்தாழ 130 கிலோமீற்றர். முந்தலில் ஐந்து நிமிடம் நிறுத்தினார்கள். இறங்கி ஒரு பிளேன்டீ குடித்தேன். புத்தளம் சேர 9.20. அங்கிருந்து 9.45க்குக் கற்பிட்டி பஸ், ஒன்றரை மணித்தியாலம், 220 ரூபாய். வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். வெயில் முகத்தில் அடிக்கும்தான், ஆனால் கடலோர உப்பு ஏரியான களப்பு தெரிவது அந்தப் பக்கத்தில்.

பஸ் நிலையத்தில் ஓட்டோவுடன் நின்றவர் நஸார் நானா. (நானா என்றால் அண்ணன்.) ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம்.

"ஹசீனா தாத்தாட கடைக்குப் போகோணும்."

"அது பூட்டு, தங்கச்சி."

"எப்ப இருந்து?"

"கன காலம். ஏறுங்க, நல்ல எடமொண்டு காட்டுறன்."

எங்கே கொண்டுபோகிறார் என்று பார்க்கலாமென்று ஏறினேன். கடற்கரையில் ஒரு விடுதி வாசலில் இறக்கினார். மூன்று கிலோமீற்றர், 400 ரூபாய். மீன் ஃபிரைட் ரைஸ் 2,400 என்று பளபளக்கும் அட்டையில் போட்டிருந்தது. கொமிஷன்தான், வேறென்ன என்று முடிவுகட்டி, கேட்டுவிடுவதற்காகத் திரும்பினேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"முடிய கோல் எடுங்க. நானும் போய் சோறு திண்டுட்டு வாறன்."

"ஏன், இங்க உங்களுக்குச் சும்மா தருவாங்கதானே?"

"வல்லாஹி, இவங்கட கையால ஒரு சதம் வாங்கினதில்ல!"

"அப்ப எங்க சாப்பிடப் போறீங்க?"

மனிதர் ஹேண்டிலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். "ஹசீனா தாத்தாட கடையிலதான்" என்றார்.

நான் மறுபடி ஓட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கோபத்தில் எனக்குக் குரல் ஏறிவிடும், ஏறியது. வழி முழுக்க அவர் சொன்னது இதுதான்: "நாங்க திங்கிற எடத்துக்கு வெளியூர் ஆக்களைக் கூட்டிப் போறதா? தகரமும் பெஞ்சும். ஊரைப் பத்தி என்ன நெனைப்பாங்க?" ஸ்டாண்டில் நிற்கும் எல்லாருடைய பேச்சும் அதுதானாம். இந்தக் கரையில் விருந்தாளி வந்தால் அலுமாரியிலிருந்து பூப்போட்ட பீங்கானை எடுப்பார்கள், தாங்கள் சாப்பிடும் தட்டைக் காட்டமாட்டார்கள். அந்தப் பழக்கத்தைத் தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். மனிதர் கொமிஷனுக்காகப் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடை திறந்திருந்தது. நான்கு பெஞ்சு, ஆறேழு மீனவர்கள். சுவரில் மட்டும் ஒரு புதுப் படம்: ஃபிரைட் ரைஸ், கொத்துரொட்டி, கலர் கலராக. ஹசீனா தாத்தா 1990இல் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, சிறுமியாகப் புத்தளத்துத் தில்லையடிக்கு வந்தவர். கலியாணம் கட்டிக் கற்பிட்டிக்கு வந்து, கணவர் மௌத்தான பிறகு இரண்டு பெண் பிள்ளைகளை இந்த அடுப்பால்தான் படிப்பிக்கிறார். படத்தைக் காட்டி என்னவென்று கேட்டேன்.

"வெளியூர் ஆக்கள் ஒருத்தரும் வாறதில்ல, தங்கச்சி. என்ட ஆணம் அவங்களுக்குப் புடிக்கல்ல போல. அடுத்த மாசத்திலிருந்து இதைத்தான் போடப் போறன். அதுவும் ஓடல்லண்டா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். ஏஜென்சியில பாஸ்போட் குடுத்திட்டன்."

ஆணம் என்றால் குழம்பு. அந்தக் குழம்பை வைக்கும் கை குவைத்தில் யாருடைய வீட்டிலோ பாத்திரம் கழுவுவதா? நஸார் நானா கை கழுவிவிட்டு வந்து உட்காரும்வரை பொறுத்திருந்து, நடந்தது முழுவதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

தாத்தா அகப்பையோடு திரும்பினார்.

"நஸார் நானா, அப்ப என்ட கடையைப் பூட்டினது நீங்கதானா?"

"மரியாதைக்குத்தான் செல்லினன், தாத்தா..."

"என்ட சோத்தில என்ன மரியாதை கொறைஞ்சி போச்சி? ஒவ்வொரு நாளும் திங்கிறீங்கதானே!"

அவர் முன்னால் வைத்த தட்டைத் தாத்தா திருப்பி எடுத்துக்கொண்டார்.

"இன்டைக்கு உங்களுக்குக் கடை பூட்டு."

ஒரு மீனவருக்குப் புரைக்கேறியது. நஸார் நானா எழும்பிப் போய் ஓட்டோவில் உட்கார்ந்துகொண்டார். நான் ஆற அமரச் சாப்பிட்டேன்: சிவப்பரிசிச் சோறு, களப்பு ஓரா மீன் ஆணம், முருங்கைக்கீரைச் சுண்டல், இறால் போட்ட சம்பல். 450 ரூபாய். அவருக்காகக் கொஞ்சமும் இரங்கவில்லை.

புறப்படும்போது அவர் வாசலில் வந்து நின்று, "இனி எல்லாரையும் இங்கதான் கூட்டி வாறன், தாத்தா" என்றார்.

"முதல்ல கூட்டி வாங்க. சோத்தைப் பிறகு பாப்பம்."

போகிறவர்களுக்கு: மதியம் 12 முதல் 2 வரை போங்கள், வெள்ளிக்கிழமை இல்லை. மெனு கிடையாது, அன்றைக்குக் களப்பில் கிடைத்ததுதான் கறி. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஓட்டோ என்றால் 150. தனியாக வரும் பெண்கள் தயங்கவேண்டாம், நானும் தனியாகத்தான் போனேன். அங்கே போய் ஃபிரைட் ரைஸ் கேட்டு அந்தச் சுவர்ப் படத்துக்கு உயிர் கொடுத்துவிடாதீர்கள். யாராவது பூட்டு என்று சொன்னால், பூட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

போன வாரம் திருகோணமலையிலிருந்து போன ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள். அவர்கள் வாயைத் திறக்குமுன்னே ஐம்பது வயதுச் சிரித்த முக ஓட்டோக்காரர் ஒருவர், "இதுதான் நாங்க திங்கிற கடை" என்று சொல்லி அங்கே இறக்கினாராம். அவர்கள் சாப்பிட்டு முடியும்வரை வாசலிலேயே நின்றாராம். பிறகு தாத்தா அவருக்கும் ஒரு தட்டுப் போட்டாராம்.

பாஸ்போட் இன்னும் ஏஜென்சியில்தான் கிடக்கிறது. அது தாத்தாவின் கைக்குத் திரும்பி வரவேண்டும். போய்ச் சாப்பிடுங்கள்.