முப்பது டிகிரி காட்டிய பேட்டரி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிக் குடியிருக்கும் ஒருவன் பழைய கார் ஒன்றை விடாமல் ஓட்டிவருவது எத்தகைய பிடிவாதம் என்பது கடற்கரையில் வாழ்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஏனையோருக்குச் சிறிது விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் இரும்பு என்பது நிலையான பொருள் அன்று. ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின் ஆகிய அனைத்தும் காற்றுப் பட்டே கரைகின்றன. அவ்வாறிருக்க, நான்கு சக்கரங்களின் மேல் அவ்வளவு இரும்பை வாசலில் நிறுத்தி வைத்திருப்பவனை ஊரார் எவ்வாறு பார்ப்பார்கள் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நான் ஐந்தாம் வகுப்புடன் பள்ளியை விட்டவன். பின்பு செய்தித்தாளும், நூலகத்தில் கிடைத்த நூல்களும் படித்துத் தேறியவன். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நாற்பது ஆண்டுகளாக நடத்திவருகிறேன். காரை வாங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்போதே அது இன்னொருவர் ஓட்டிய வண்டிதான்.

அதன் இன்றைய நிலையை மறைக்காமல் கூறிவிடுகிறேன். பின்பக்கத்து இடது கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். ஹாரன் மழைக்காலத்தில் தானாக ஒலிக்கும், கோடையில் அழுத்தினாலும் ஒலிக்காது. முன் இருக்கைக்குக் கீழிருந்த தகடு எட்டாண்டுகளுக்கு முன்பே துருவேறி உதிர்ந்துவிட்டது. அவ்விடத்தில் உப்பு வாரும் பலகை ஒன்றை அளவாக அறுத்துப் பொருத்தியிருக்கிறேன். என் மனைவி அதன்மேல் கால் வைத்துத்தான் உட்காருகிறார். பலகையின் இடுக்கில் சாலை ஓடுவது நன்றாகத் தெரியும். “டிவிய விட இது தேவலாம், நடுவுல விளம்பரம் வர்றதில்ல” என்பது அவருடைய கருத்து.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் கூறுவது இதுதான். இவ்வண்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது அனைத்தும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். புதிய வண்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி இருக்கிறது.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகனுக்கு இவ்விளக்கம் போதவில்லை. சென்ற தடவை அவன் ஊருக்கு வந்திருந்தபோது புதுச்சேரிக்குப் போய்வரும் வழியில் வண்டி மூன்று இடங்களில் நின்றது. மூன்று இடங்களிலும் அவன்தான் தள்ளினான். இம்முறை, என் மகள்வயிற்றுப் பேத்திக்கு இரும்பை என்னும் ஊரின் கோயிலில் காது குத்துவதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவன், பெட்டியை இறக்கி வைத்ததும் பேச்சைத் தொடங்கிவிட்டான்.

“அப்பா, கடைசியா ஒரு பேச்சு. வெள்ளிக்கெழம இரும்பைக்கு இந்த வண்டிலயே போலாம். போய்ட்டு ஊட்டுக்கு வர்ற வரைக்கும் ஒருத்தர் கை கூட பின்னாடி படக்கூடாது. பட்டுச்சுன்னா சனிக்கெழம காயலாங்கடைக்காரர் வருவாரு. சாவிய நீயே அவர் கைல குடுக்கணும்.”

“படலன்னா?”

“படலன்னா இனிமே புது வண்டின்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். போதுமா?”

“சரி” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் மனைவி முறத்தைக் கீழே வைக்காமலே, “ரெண்டு பேரும் ஸ்டாம்ப் பேப்பர் வாங்கியாங்க, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

வண்டியின் ஆயுள் வெள்ளிக்கிழமை வரைதானா, அதற்கு மேலுமா என்பதை அந்த ஒரு பயணமே முடிவுசெய்யும் என்றாகிவிட்டது. ஆகவே செவ்வாய்க்கிழமையன்று அதைக் கோட்டக்குப்பத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுசென்றேன். பல ஆண்டுகள் வளைகுடாவில் வேலை செய்து திரும்பிய பாய் அவர். எவ்வளவோ உயர்ந்த வண்டிகளைப் பார்த்த கை என்றாலும் என் வண்டியை ஒருநாளும் இகழ்ந்தவர் அல்லர். ஒரு பகல் முழுவதும் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து பிளக், பெல்ட், கார்புரேட்டர் அனைத்தையும் சரிசெய்தார். பேட்டரிக்குச் சார்ஜும் ஏற்றினார். மாலையில் துணியில் கை துடைத்துக்கொண்டே சொன்னார்:

“மொதலாளி, எல்லாம் ஜோரா இருக்குது. பேட்டரியும் கிளீனா இருக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வெள்ளிக்கெழம வரைக்கும் நீங்க பேனட்டத் தொறக்காதீங்க. சாவியப் போடுங்க, ஓட்டுங்க. அல்லா காப்பாத்துவான்.”

புதன்கிழமை நான் திறக்கவில்லை. வியாழக்கிழமை முற்பகலிலும் திறக்கவில்லை. பிற்பகலில் வீட்டில் யாவரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்காக மட்டுமே திறந்தேன்.

பேட்டரியின் முனை ஓரத்தில் வெண்ணிறப் பொடி சிறிது ஒட்டியிருந்தது. மற்றவர்கள் இதைக் கண்டால் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உப்பளத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்தவனுக்கு வெள்ளையாக ஒன்று படிந்திருப்பதைக் கண்டால் நெஞ்சில் ஒரே ஒரு சொல்தான் எழும். உப்பு விழத் தொடங்கிவிட்டது என்றே நான் எண்ணினேன்.

இவ்விடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிச் சில வரிகள் அவசியமாகின்றன. பாத்தியில் நிற்கும் நீரின் கனத்தை அளக்க, அதில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழல் ஒன்று உண்டு. கடலிலிருந்து வரும் நீர் அதில் மூன்று டிகிரி காட்டும். வெயிலில் வற்ற வற்ற டிகிரி ஏறும். இருபத்தைந்தில் உப்பு விழும். முப்பதை நெருங்கினால் எஞ்சிய நீர் கசப்பாகிவிடும். அதை உடனே வடித்துவிட்டுப் புதுநீர் பாய்ச்சாவிட்டால் விளைந்த உப்பும் கெட்டுப்போகும். இதில் தாமதித்து ஒரு பாத்தியைக் கெடுத்தவன் மறுமுறை தாமதிக்க மாட்டான்.

அந்தக் கண்ணாடிக் குழலை எடுத்துவந்தேன். பேட்டரியின் மேல் இருந்த ஆறு திருகு மூடிகளையும் கழற்றி, ரப்பர் குமிழ் வைத்த பீச்சாங்குழலால் உள்ளிருந்த நீரை உறிஞ்சி, உயரமான கண்ணாடிக் குவளையில் விட்டுக் குழலை மிதக்கவிட்டேன். முப்பது டிகிரி.

முப்பது! பாய் நல்லவர்தான், ஆனால் அவர் உப்பளத்தை அறியாதவர் என்று எண்ணிக்கொண்டேன். கசந்துபோன நீரை வைத்துக்கொண்டு வண்டி இரும்பை வரை எவ்வாறு போகும்? ஆறு அறைகளிலிருந்தும் பாதியளவு உறிஞ்சி எடுத்து, குழி தோண்டி ஊற்றினேன். பேட்டரிக்கென்று வாங்கி வைத்திருந்த சுத்த நீரை அவ்விடங்களில் நிரப்பினேன். மீண்டும் அளந்தபோது பதினைந்து டிகிரி காட்டியது. உப்பு விழுவதற்கு இன்னும் பத்து டிகிரி இடம் இருக்கிறது, நாளைக்கு அச்சமில்லை என்று நிம்மதியுடன் மூடியைச் சாத்திவிட்டுக் கை கழுவினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டோம். ஒன்பதரைக்குள் காது குத்தியாக வேண்டும். மகன் பட்டு வேட்டி கட்டிச் சீர்த்தட்டுடன் பின்னால் அமர்ந்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் அவனே. என் மனைவி பலகையின் மேல் கால் வைத்து முன்னால் அமர்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன்.

இஞ்சின் ஒருமுறை முனகியது. இரண்டாம் முறை அதுவும் இல்லை.

பிறகு பின்னாலிருந்து மிகவும் மரியாதையான குரல் கேட்டது.

“இன்னாப்பா, எறங்கட்டுமா?”

“கொஞ்சம் இரு.”

மூன்றாம் முறை திருப்பியும் பயனில்லை. மகன் வாடகை வண்டிக்காரர் இருவருக்குத் தொலைபேசினான். முகூர்த்த நாள், இருவரும் வேறு வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நடந்துபோய், அது வந்து, இடையில் இறங்கி மாறிப் போனால் பத்தரை ஆகிவிடும். மகள் வீட்டிலிருந்து இதற்குள் இரண்டு முறை போன் வந்தது. “மாமன் எங்க, மாமன் எங்க” என்று சம்பந்தி வீட்டார் கேட்கிறார்களாம்.

மகன் சீர்த்தட்டைத் தாயாரின் மடியில் வைத்துவிட்டு இறங்கினான்.

“நான் எறங்கமாட்டேன்டா. எறங்குனா மறுபடி ஏர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆவும்” என்றார் அவர்.

உப்பளத்து நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமமானது. வண்டி தானாக உருளச் சரிவு என்று ஒன்று எங்கும் கிடையாது. மகன் தனியாகத் தள்ளிப் பார்த்தான். வண்டி அவனைப் பொருட்படுத்தவில்லை. அவ்வேளையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நால்வர் கூடைகளை இறக்கி வைத்து வேடிக்கை பார்த்தார்கள்.

“ஏம்பா தம்பி, மாமன் சீரு இங்கருந்தே ஆரம்பிச்சிட்டுதா?”

“வேட்டிய இடுப்புல சொருவு தம்பி, போற எடத்துல மானம் போயிடும்.”

“அக்கா, பேசிக்கினே நிக்காதீங்க. ஒரு கை குடுங்க.”

“நாலு பேருக்கு எட்டு கை இருக்குது. ஒண்ணு மட்டும் எப்படிக் குடுக்கறது?” என்று சிரித்துக்கொண்டே நால்வரும் வந்து சேர்ந்தார்கள்.

நான் இரண்டாம் கியரில் வைத்து கிளட்சை விட்டேன். வண்டி குலுங்கி உயிர்பெற்றது. மகன் ஓடிவந்து ஏறிக் கதவைச் சாத்தினான். மூச்சு வாங்கி முடித்த பின்பு, “பத்து கை. எண்ணிக்கினேன்” என்றான்.

“வாக்கு வாக்குதான்” என்றேன்.

இரும்பையை ஒன்பதே காலுக்கு அடைந்தோம். மீண்டும் நின்றுவிடும் என்ற அச்சத்தால் நான் இஞ்சினை அணைக்கவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுக் கோயிலுக்குள் சென்றேன். பேத்தி தன் மாமன் மடியில் வீறிட்டு அழுதுகொண்டிருக்கும்போது சம்பந்தி என் காதோரம் வந்து, “சம்மந்தி, உங்க வண்டில ஆளே இல்ல, ஆனா தனியா ஆடிக்கினு இருக்குது” என்றார். அருகில் நின்றவர்கள் அனைவரும் கோயில் என்றும் பாராமல் சிரித்தார்கள். என் மகன் சிரிக்கவில்லை. அவன் கைபேசியில் காயலாங்கடைக்காரரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான்.

விருந்து முடிந்து, அதுவரை அணைக்காமலே நின்ற வண்டியில் புறப்பட்டபோது மகன், “கோட்டக்குப்பம் போயிட்டுப் போலாம். பாய்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்” என்றான். வேண்டாம் என்று நான் இருமுறை கூறியும் பயனில்லை.

பட்டறையில் வேறு வண்டிக்காரர்கள் மூவர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே மகன் தொடங்கினான்.

“இன்னா பாய், எல்லாம் ஜோரா இருக்குதுன்னு அனுப்பிட்டீங்க. காலைல ஸ்டார்ட்டே ஆவல. முகூர்த்தமே போயிருக்கும்.”

பாயின் முகம் வாடியது. மூடியைத் திறந்து, பேட்டரியில் தம்முடைய கருவியை விட்டு உறிஞ்சிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“தம்பி, ஆசிட்டு இப்படி எறங்காது. யாரோ தண்ணி ஊத்தி இருக்காங்க.”

“யாரு ஊத்துவாங்க? ஊட்ல நாங்க மூணு பேருதான்” என்றான் மகன்.

அப்பொழுது என் மனைவி வண்டிக்குள்ளிருந்தே, யாரையும் பாராமல் சொன்னார்: “நேத்து கட்டியிருந்த வேட்டில ஓட்டை ஓட்டையா இருந்துது. நான் எலின்னு நெனச்சேன்.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஓட்டை விழுந்த வேட்டி பேட்டரியைத் தொட்டதற்குச் சான்று ஆகாது. ஆனால் நாலு பேர் பார்க்கத் தலைகுனிந்து நிற்பவர் ஒரு தவறும் செய்யாதவர். ஆகையால் முப்பது டிகிரியிலிருந்து பதினைந்து வரை நடந்ததை ஒன்றுவிடாமல் கூறினேன்.

முதலில் சிரித்தவர் பாய்தான். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“மொதலாளி, முப்பதுல இருந்தாத்தான் அதுக்கு உசுரு! அத வடிச்சிட்டு உப்பங்கழி ஆக்கிட்டீங்களே. நான் வந்து உங்க பாத்தில கிரீஸ் தடவுனா சும்மா விடுவீங்களா?”

“மன்னிச்சுக்குங்க பாய்” என்றேன். மகனும் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். பின்பு வண்டிச் சாவியை அவனிடம் நீட்டினேன். காரணம் எதுவானாலும் பத்துக் கைகள் பட்டது உண்மை.

அவன் வாங்குவதற்குள் என் மனைவி, “வண்டி இன்னாடா பண்ணுச்சு? அது பாட்டுக்கு நல்லா இருந்துது. காயலாங்கடைல போடறதுன்னா இவரத்தான் போடணும்” என்றார்.

“இவர எடுத்துக்க மாட்டாங்கம்மா. இரும்பே இல்லையே.”

“அப்போ ரெண்டும் ஊட்லயே கெடக்கட்டும்.”

மகன் சிறிது நேரம் வண்டியைச் சுற்றி வந்தான். பின்பு சாவியை என் சட்டைப் பையில் போட்டு, “ஓட்டறது நீ ஓட்டு. பேனட்டு மட்டும் அம்மா இல்லாம தொறக்கக்கூடாது” என்று தீர்ப்புச் சொன்னான். பாய் பேட்டரியைக் கழுவி, புது ஆசிட் நிரப்பிச் சார்ஜ் போட்டு, அஸ்தமனத்துக்குள் எங்களை அனுப்பிவைத்தார். சனிக்கிழமை எங்கள் வாசலுக்கு எவரும் வரவில்லை.

அதுமுதல் நான் மூடியைத் திறக்கும்போதெல்லாம் என் மனைவி இடுப்பில் கை வைத்து அருகில் நிற்கிறார். ஆயில் அளவைப் பார்த்து அவரிடம் காட்டிய பிறகே மூட அனுமதி கிடைக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கரையில் கண்ணாடிக் குழலும் பழைய காரும் ஒருங்கே வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கேனும் இது தேவைப்படலாம். ஆதலால் இக்குறிப்பைத் தயவுசெய்து எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.