இரண்டாவது அடுப்பு

பூங்காவின் கேட்டில் ஒரு பலகை தொங்குகிறது. காலை ஐந்து முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை. நடுவில் ஆறு மணி நேரம் பூட்டு. என் அக்காவால் வர முடிவது அந்த ஆறு மணி நேரத்தில்தான்.

அவள் பெரும்பாக்கத்தில் இருக்கிறாள், ஏழாவது மாடியில். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவு வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவுதான், ஆனால் அன்றைக்குத்தான் அவள் மகளுக்குத் தி.நகர் ஜவுளிக்கடை வேலையில் மூச்சு விட நேரமிருக்காது. பேத்தி இவள் இடுப்பில். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மட்டும் மாலை ஷிப்ட் விழும். அன்று காலை வீட்டு வேலையை முடித்து, இரண்டு பஸ் மாறி, அடையாறு வந்து இறங்கும்போது பதினொன்றரை. நாலு மணிக்குக் கம்பெனி வாசலில் கைரேகை வைக்க வேண்டும். இடையில் கிடைக்கிற இரண்டு, இரண்டரை மணி நேரம் எங்களுடையது. கேட்டுக்கு வெளியே நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, கம்பிகளுக்கு உள்ளே இருக்கிற எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வீடு என்று சொல்வது வாய்ப்பழக்கம். அங்கே இருப்பது புல். புல்லின் நடுவே வளைந்து போகிற சிவப்புக் கல் பாதை. இடுப்பைச் சுழற்றிக்கொள்ள ஒரு இரும்பு மேடை, அது ஏறக்குறைய அம்மா அப்போது படுத்த இடம். அதற்கு அப்பால் வேலி, வேலிக்கு அப்பால் ஆறு. அதே கறுப்பு, அதே வாடை. ஆற்றங்கரை வீடுகளை இடித்தவர்கள் பூவரசை மட்டும் விட்டுவைத்தார்கள். அதன் தண்டில் துணிக்கொடி கட்ட அக்கா அடித்த ஆணி ஒன்று உண்டு. நான் பக்கத்திலேயே ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறேன், காலையில் எத்தனையோ முறை உள்ளே போயிருக்கிறேன். நடப்பவர்களோடு நானும் நடந்திருக்கிறேன். மரத்தருகே வந்ததும் கால் தானாக வேகம் பிடிக்கும். ஆணி இருக்கிறதா என்று நான் பார்த்ததில்லை. அக்கா வரட்டும், சேர்ந்து பார்ப்போம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நாங்கள் பிரிந்ததற்குக் காரணம் ஒரு அடுப்பு.

கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அம்மா வீட்டிலேயேதான் இருந்தோம். நடுவில் ஒரு பழைய புடவை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். புடவை மறைத்தது கண்ணை மட்டும். அவள் வளையல் சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கோபமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குக் கருவாட்டு வாடை ஆகாது, அவளுக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. அதனால் என் பக்கம் ஒரு சின்ன ஸ்டவ் வந்தது. அவ்வளவுதான், சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக இருந்தது.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. கையில் பேனாவும் காகிதமுமாக வெளியாள் யார் வந்தாலும், இரண்டாவது அடுப்பை ஒளித்துவிடுவோம். ஒரே கூரைக்கடியில் தனித்தனியாகச் சமைப்பது வெளியே தெரிந்தால் அந்த வீட்டுத் தாய்க்குக் கேவலம். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர், தடுப்பூசி போட வந்த பெண், எல்லோரும் பார்த்தது ஒற்றை அடுப்பு வீடுகளைத்தான்.

பெரிய வெள்ளம் வடிந்து, கரையைக் காலி செய்வது என்று முடிவாகி, வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தபோதும் அம்மா அதையேதான் செய்தாள்.

"எடுத்துப் போடுடி அத்த. நான் பெத்த ரெண்டும் தனித்தனியா ஆக்கித் துன்னுதுங்கன்னு அவன் எழுதிக்கினு போவணுமா?"

உலை கொதித்துக்கொண்டிருந்தது. பாதி வெந்த சோற்றை அக்காவின் பானையில் கொட்டிவிட்டு, சூடு ஆறாத ஸ்டவ்வைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் அன்னக்கூடையைக் கவிழ்த்தேன். நான்தான் கவிழ்த்தேன். அக்கா புடவைத் திரையைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்தாள்.

"எத்தனை குடும்பம்மா?" என்று கேட்டார் வந்தவர்.

"ஒண்ணுதான் சார். ஒரே அடுப்பு, வந்து பாத்துக்க." அம்மாவின் குரலில் அத்தனை பெருமை.

அவர் எட்டிப் பார்த்தார். ஒன்று என்று எழுதினார். எங்கள் எல்லோரையும் வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, கதவில் சாக்பீஸால் ஒரு எண்ணும் போட்டுவிட்டுப் போனார். சோறு குழைந்துபோயிருந்தது. சிரித்துக்கொண்டே தின்றோம்.

ஒரு எண்ணுக்குப் பெரும்பாக்கத்தில் ஒரு வீடு என்பது டோக்கன் கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. போய்க் கேட்டோம். உங்க அம்மா சொன்னதுதானே, படத்திலும் எல்லோரும் ஒன்றாகத்தானே நிற்கிறீர்கள் என்றார்கள். ஆமாம், ஒன்றாகத்தான் நின்றோம். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கு இல்லை. நீ போ என்றேன். அம்மா அவளோடு லாரியில் ஏறினாள். அடுத்த மூன்று வருஷத்தில், ஏழாவது மாடியிலிருந்து கீழே பார்த்து, ஆறு எந்தப் பக்கம்டி என்று கேட்டுக்கேட்டே போய்ச் சேர்ந்தாள்.

எனக்கு மயிலாப்பூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. நாளெல்லாம் அடுத்தவர் வரிகளுக்குள் குனிந்திருந்துவிட்டு நிமிரும்போது, சில சாயங்காலங்களில் எங்கிருந்தோ கருவாடு பொரிகிற வாடை வரும். பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வாடைக்குப் பின்னாலேயே இரண்டு தெரு நடந்திருக்கிறேன். யார் வீட்டு வாசலிலோ நின்று, யாரையோ தேடி வந்தவள்போல நடித்துத் திரும்பியிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் வார்டில் ஏரியா சபைக் கூட்டம் நடந்தது. சமூகக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பேப்பர் கப்பில் டீ. கவுன்சிலர் என்னைவிட வயதில் சின்னவர். தெருவிளக்கு, மழைநீர்க் கால்வாய், சொத்துவரி என்று ஒவ்வொன்றாக வந்து, பூங்காவுக்கு வந்தது. கையைத் தூக்கினேன்.

"மத்தியானமும் தொறந்து வைக்கலாமே மேடம்."

"மத்தியான வெயில்ல யாரு வருவாங்கக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்துவிட்டார். தினமும் காலையில் எனக்கு எதிரே நடந்து வருகிறவர். "தொறந்து வெச்சா கண்டவாளும் வந்து படுத்துண்டுடுவா. இப்பவே நாங்க காலம்பற வாக்கிங் போறச்சே ஒரே பொட்டலமும் பாட்டிலுமா கெடக்கு."

"பார்க்குல படுக்காம வேற எங்க மாமா படுக்கறது, உங்க வூட்டு ஹால்லயா?" என்றார் பின்னாலிருந்த ஆட்டோக்காரர். கூடம் சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார்.

கவுன்சிலர் பேனாவை எடுத்தார். "தேவைன்னா சொல்லுங்க, எழுதிக்கினு போய் மன்றத்துல வைக்கிறேன். யாருக்காகக் கேக்குறீங்க, அத்த சொல்லுங்க."

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. அங்கே எங்கள் வீடு இருந்தது, பிரிந்துபோன அக்கா அந்த நேரத்துக்குத்தான் வருவாள் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். இந்தச் சுத்தமான சட்டைகளுக்கு நடுவே நான் கரையிலிருந்து வந்தவள் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதானே. கையில் பேனா வைத்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து நான் சொன்னேன்:

"சும்மா, பொதுவாத்தான் கேட்டேன் மேடம்."

பேனா மூடிக்கொண்டது. அடுத்து தெருநாய்கள்.

அந்த வியாழக்கிழமை அக்காவிடம் சொன்னேன். புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"அடிப்பாவி, நீயும் அன்னக்கூடைய கவுத்துட்டியா! அப்டியே அம்மாதாண்டி நீ." பிறகு சிரிப்பு அடங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். "ஆணி கீதாடி?"

"தெரியல."

"பக்கத்துலயே குந்திக்கினு கீற, தெரியலன்ற."

காவலாளி நிழலுக்கு ஒதுங்கி எங்கள் பக்கம் வந்தார். "இன்னா நைனா, அஞ்சு நிமிசம் தொறயேன். மரத்த தொட்டுட்டு வந்துடறோம்" என்றாள்.

"என் வேல பூடும்மா. தோ, மேல கேமரா பாக்குது பாரு."

"கருவாட்டுக் கொழம்பு எட்தாந்துகீறேன், கேமராவுக்கும் ஒரு வாய் குடுக்கட்டா?"

அவர் சிரித்தார், திறக்கவில்லை. அவரையும் உட்காரவைத்துச் சாப்பிட்டோம். அவள் குழம்பு, நான் வடித்துக் கொண்டுவந்த சோறு. வாடை ஆகாத மனிதர் கண்மூடி நாலு வருஷமாகிறது. என் வீட்டில் எதையும் தாராளமாகப் பொரிக்கலாம். தனியாகப் பொரிக்கத் தோன்றியதில்லை.

கை கழுவியதும் அக்கா சொன்னாள், "எழுதறவதான நீ, எழுது."

பையில் அச்சகத்துத் தாள்கள் இருந்தன. ஒன்றைப் புரட்டி, பின்பக்கத்தில் அனுப்புநர், பெறுநர் எழுதினேன். பொருள், பூங்கா நேரத்தை நீட்டித்தல் தொடர்பாக என்று ஆரம்பித்தேன்.

"அத்த அப்பால போடு. மொதல்ல வூட்ட போடு. பூவரசு கீற எடத்துல எங்க வூடு இருந்துச்சி. அதுல ரெண்டு அடுப்பு. போடு."

"மனுவுல அதெல்லாம் எழுதமாட்டாங்கக்கா."

"இப்பயும் ஒளிச்சி வெச்சிக்கோ." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எழுதினேன். 'மேற்படி இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அதில் இரண்டு அடுப்புகள் இருந்தன. அந்த வீட்டுப் பெண்கள் இருவரும் மாதம் ஒரு முறை, பகல் பன்னிரண்டு மணிக்குச் சந்திக்கிறோம்.' இருவரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு மணிக்கு அவளுடைய பஸ் வந்தது. படியில் நின்றபடி ஏதோ கத்தினாள், எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் வார்டு ஆபீசில் கொடுத்தேன். எழுத்தர் நிதானமாகப் படித்தார். இரண்டாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"நேரத்த மாத்தணும், அது சரி. ரெண்டு அடுப்பு எதுக்கும்மா இதுல? அடிச்சிடட்டா?"

"வேணாம் சார், இருக்கட்டும்."

"மன்றத்துல படிப்பாங்களே."

"படிக்கட்டும் சார்."

அவர் முத்திரை குத்தினார்.