சித்தி கழற்றிய மோட்டார்

அன்று அனகாபுத்தூர் வீட்டில் இருந்தவர்கள்: சித்தி, நான், வீடு வாங்க வந்த புருஷன் பெண்டாட்டி, ஒரு புரோக்கர், இவர்களை அழைத்து வந்த சித்தப்பா. சித்தப்பா இடுப்பில் உறை போட்டு செல்போன் மாட்டியிருந்தார். சித்தப்பா என்பது பழக்கத்தில் வருகிறது. விவாகரத்து ஆகி ஆறு மாதம் ஆகியிருந்தது. வீடு அவர் பெயரில். விற்றால் பாதிப் பணம் சித்திக்கு, அதுவரை அவள் அங்கேயே இருக்கலாம் என்று கோர்ட்டில் முடிவு. அந்தப் பாதியைப் பற்றி வந்தவர்களிடம் அவர் மூச்சே விடவில்லை.

எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பதற்கு முன் குழாயைத் திறப்பார்கள். தோல் பட்டறைகளால் பல தெருக்களில் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. சித்தி வீட்டு போர் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகும் என்று தெருவே குடத்தோடு வரும்.

அந்தம்மா குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

காலையிலேயே தொட்டியைக் காலி செய்து, மோட்டாரைக் கழற்றிவிட்டாள் சித்தி. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது நான். போலீஸ் வந்தால் அதில் என் கைரேகை இருக்குமே என்று பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

சித்தி அந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் கிரீஸ்.

சித்தப்பா சிரித்தார். “இன்னா, மெக்கானிக் ஆயிட்டியா?”

“நீ வூட்டுக்கே வராத வருசமெல்லாம் இத்த யாரு ஓட்னாங்கன்ற?”

பிறகு, வீடு வாங்க வந்தவரைப் பார்த்துச் சொன்னாள். “வூடு அவரு பேர்ல கீது சார். மோட்டாரு என் வளையல வித்து வாங்கனது. என் பாதிய என் கையில குடுங்க, நானே மாட்டி ஓட்டிக் காட்றேன்.”

சித்தப்பா செல்போனை உறையிலிருந்து எடுத்தார், மறுபடி உறையிலேயே போட்டார். ஒரு முழு வீட்டை ஒருத்தி மடியில் தூக்கி வைத்துக்கொள்ள முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வாங்க வந்தவர் ஒப்புக்கொண்டார். பத்திரம் பதிந்த அன்று சொன்னபடி தந்தும்விட்டார். சாவி கொடுக்கும் நாளில் சித்தி மோட்டாரை மாட்டி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டாள். அது இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஒரு கை அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை. வயிறு வலிக்கப்போகிறதே என்று நான் பயப்படும்வரை குடித்துக்கொண்டிருந்தாள்.

மோட்டாருக்கு உண்டானதைத் தானே தனியாகத் தருவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். போய்க் கேளேன் என்று அம்மா திட்டும்போதெல்லாம் சித்தி ஒன்றேதான் சொல்வாள்: “கேட்டா குட்த்துடுவாரு.”

கொடுத்தால் நல்லதுதானே என்று அந்த வயதில் நினைப்பேன்.

மூவாயிரத்து ஐநூறு ரூபாய். இன்னும் பாக்கி.