மச்சினனுக்குத் தேடிய ரேஞ்ச்ஃபைண்டர்

கண்ணாடிக் கடைக்காரனுக்கு லேசரைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, என் மச்சினன் அதை அப்படியே நம்பிவிட்டான். முப்பது வருஷமாக யாங்கோனில் மூக்குக்கண்ணாடி விற்கிறேன். வெள்ளெழுத்து, கிட்டப்பார்வை என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வேன். மான் சுட எந்த லேசர் நல்லது என்று கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மச்சினன் என் மனைவியின் ஒரே தம்பி. நியூசிலாந்துக்கு எலக்ட்ரீசியனாகப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. இங்கே தின்கன்ஜூன் பேட்டையில் எங்களோடு இருந்தவரை, கிறிஸ்துமஸுக்குக் கோழி அறுக்கக் கூப்பிட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். அந்தச் சூரன்தான் இப்போது வெள்ளைக்காரக் கூட்டாளிகளோடு மலையேறி மான் வேட்டைக்குப் போகிறானாம். அதற்கு அவனுக்கு 'பாலிஸ்டிக் ரேஞ்ச்ஃபைண்டர்' வேண்டுமாம். கையடக்கமான கருவி, ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. பொத்தானை அமுக்கினால் லேசர் போய் மான்மேல் பட்டுத் திரும்பி, அது எத்தனை கெஜத்தில் நிற்கிறது என்று சொல்லும். அதோடு விடாது. மேட்டில் நிற்கிறதா பள்ளத்தில் நிற்கிறதா, போகிற வழியில் குண்டு எவ்வளவு தாழும், துப்பாக்கியை எவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதையும் கணக்குப் போட்டுக் கொடுக்கும்.

"அத்தான், லென்ஸ் சமாச்சாரம் ஒங்களுக்குத்தான் தெரியும். ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றான்.

வேறு சமயமாக இருந்தால் போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்று ஃபோனை வைத்திருப்பேன். அப்போது முடியாது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயிலுக்குப் புறப்படும் முன் வீட்டில் ஜெபம் முடிந்ததும், தாய்மாமன் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து வாசல்படி இறக்கிவிட வேண்டும். என் மனைவிக்கு மண்டபத்தைப் பற்றியோ பிரியாணியைப் பற்றியோ கவலை இல்லை. தம்பி வந்து அந்த மாலையைப் போட வேண்டும், அவ்வளவுதான். அவர்களுடைய அம்மா இறந்தபோது கொரோனாவால் விமான நிலையமெல்லாம் மூடிக் கிடந்தது. அவன் ஃபோனில்தான் அடக்கத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அக்காளும் தம்பியும் நேரில் சந்திக்கவே இல்லை.

"அவன் வர்றானான்னு கேட்டுடவா?" என்றேன் ஒரு நாள்.

பாய்ந்துவிட்டாள். "தாய்மாமன வர்றியான்னு கேப்பாங்களா? வேத்தாளையா கூப்பிடுறோம்? பத்திரிகையில அழைக்கிறவங்க வரிசையில அவன் பேரும் இருக்கு. நம்மளோட சேந்து ஊர அழைக்கிறவன், அவனுக்கே அழைப்பு வெச்சா சிரிப்பாங்க."

அந்தக் குடும்பத்து ரோஷம் அப்படி. அவளுடைய சித்தப்பாவை யாரோ வாய் தவறி "கல்யாணத்துக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டதற்காக, அலோன் பேட்டையில் இருந்த இரண்டு வீடுகளுக்கு இடையே பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போதாக்குறைக்கு மச்சினனே "ஏப்ரல்ல லீவு போட்டுட்டேன் அத்தான்" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நாங்கள் தேதியே குறித்தோம். ஈஸ்டருக்கும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கும் நடுவில் கிடைத்த ஒரே சனிக்கிழமை அது.

ஆக, கேட்கக்கூடாது. மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டும். லேசர் கேட்டால் லேசர் பார்க்க வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டேன்.

தினமும் கூப்பிட்டான். நான் ஒரு மூதாட்டிக்குக் கண்ணாடி மாட்டி எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் கூப்பிடுவான். கரண்ட் போய், ஜெனரேட்டர் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு "என்ன மாப்ள?" என்று கத்துவேன். எதிர்ப்புறம் டீக்கடை. அங்கே இருக்கிறவர்களில் யாருக்குத் தமிழ் புரியும், எவன் உளவு சொல்கிறவன் என்று யாருக்குத் தெரியும்? ராணுவம் ஆளும் இந்தக் காலத்தில் யாங்கோன் தெருவில் நின்று துப்பாக்கி, லேசர், ஐந்நூறு கெஜம் என்று கத்தினால் என்ன ஆகும் என்று அந்த மடையனுக்குத் தெரியாதா? கடைசியில் துப்பாக்கியைக் குடை என்றும், லேசரைக் குடைக்கம்பி என்றும் பேசிக்கொள்ள ஏற்பாடு. "அத்தான், அந்தக் கம்பி எப்படி?" என்று அவன் கேட்க, "அந்தக் கம்பி ஆகாதுடா" என்று நான் சொல்ல, கடைப்பெண் எங்களுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அவன் அனுப்பிய ஒவ்வொன்றையும் ராப்பகலாகப் படித்தேன். கோபம் வந்தாலும் அரைகுறையாகப் பார்க்க எனக்கு வராது. முதலாவதன் பெட்டியில் இரண்டாயிரம் கெஜம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது பளபளக்கும் பலகைக்கு. மானின் ரோமத்தில் பட்டால் பாதி வருவதே அதிகம். இரண்டாவதில் எழுத்து கறுப்பு. விடியற்காலையில் மரத்தடி இருட்டில் கறுப்பு எழுத்தை எவன் படிப்பான்? சிவப்பாக ஒளிர வேண்டும். மூன்றாவது கணக்குப் போட ஃபோனின் துணையைக் கேட்டது. மலையில் ஃபோனை நம்பிப் போகிறவன் அங்கேயே கூடாரம் போட்டுக் குடியிருக்க வேண்டியதுதான். கணக்கு கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றேன். நாலாவது மானை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் புல்லை அளந்து சொல்லுமாம். நல்லாருக்கு!

ஐந்தாவதைத்தான் அவன் ஆசை ஆசையாகப் பிடித்துக்கொண்டான். அதில் கண்ணை லென்ஸோடு ஒட்டி வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும். கண்ணாடி போட்டவனுக்கு ஓரமெல்லாம் இருட்டாகிவிடும்.

"ஒன் பவர் இப்ப எவ்வளவு?" என்றேன்.

"நீங்க போட்டுக் குடுத்ததுதான் அத்தான்."

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அவன் விமானம் ஏறும் முன் நான் மாட்டிவிட்டது. நடுவில் ஃபிரேமைத்தான் மாற்றியிருக்கிறான், கண்ணைக் காட்டவே இல்லை. ஐந்நூறு கெஜத்தில் நிற்கும் மானைப் பார்க்க உலகத்தையே சலிக்கிறான், தன் கண்ணைப் பார்க்க நேரமில்லை. திட்டித் தீர்த்தேன். "சரி அத்தான், சரி அத்தான்" என்று கேட்டுக்கொண்டான். திட்டு வாங்குவதற்கென்றே கூப்பிடுகிறானோ என்றுகூட அன்றைக்குத் தோன்றியது.

வீட்டில் கல்யாண வேலை ஓடிக்கொண்டிருந்தது. மனைவி தம்பிக்கென்று, இங்கே விசேஷத்துக்கு ஆண்கள் கட்டுகிற பட்டு லுங்கியை அரக்குக்கரை போட்டதாக எடுத்து, யாரும் தொடாதபடி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். மாமன் கையால் போடும் மாலைக்கு மட்டும் தாகேதாவில் ஒரு பூக்கடையில் தனியாகச் சொல்லியிருந்தாள். இன்னும் டிக்கெட் பேச்சையே காணோமே என்று நான் முனகினால், "அவன் வருவான், நீங்க வாய வெச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்பாள். மகளோ பர்மியத்தில், "யபாடே அப்பா" என்பாள். பரவாயில்லை என்ற தமிழ் வார்த்தை அவள் வாயில் வராது. ஆனால் அப்படிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

ஒரு வழியாக ஆறாவது தேறியது. சிவப்பு எழுத்து, கண்ணாடி போட்டவனுக்கும் தோதான லென்ஸ், கணக்கு உள்ளேயே. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. குளிரில் அந்தச் சின்ன பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்று படித்திருந்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வீட்டில் இருந்தேன். மனைவி எதிரே உட்கார்ந்து மீதிப் பத்திரிகைகளுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

"மாப்ள, நீ மலைக்குப் போறது எந்த மாசம்? எவ்வளவு குளிரும்?"

"ஏப்ரல்தான் அத்தான். மான் கத்துற சீசன். ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழம காலையில ஏறுறோம்."

மனைவியின் கை உறைமேல் அப்படியே நின்றுவிட்டது.

எனக்கு மண்டைக்குள் என்னவோ வெடித்தது. நாற்பது நாளாக இதே வேலை! என் மகளுக்கு மாலை போட வேண்டியவன் அதே நாளில் மான் சுடப் போக, நானே உட்கார்ந்து லென்ஸ் பார்த்து, எழுத்து பார்த்து, பேட்டரி பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

"அடப்பாவி! அன்னிக்குத்தாண்டா ஒன் மருமவளுக்குக் கல்யாணம்! லீவு போட்டேன் லீவு போட்டேன்னு சொன்னியே, இதுக்கா? அக்கா பெத்த பொண்ணவிட மான் ஒசத்தியாப் போச்சா ஒனக்கு? வர்றியா இல்லியா, ஒரே வார்த்தையில சொல்லு!"

கேட்டே விட்டேன்.

"நீங்க கூப்பிடவே இல்லையே அத்தான்" என்றான். "பத்திரிகைய ஃபேஸ்புக்லதான் பாத்தேன். எல்லாருக்கும் வந்திருக்கு, எனக்கு வரல. அம்மாவ எடுத்தப்ப நான் வரலல்ல, அக்காவுக்கு அந்தக் கோவம் இன்னும் தீரலன்னு நெனச்சிக்கிட்டேன். பேரு சும்மா மரியாதைக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். அந்த வாரம் வீட்ல சும்மா கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்னுதான் இவனுங்களோட சேந்துக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "தெனம் கூப்பிட்டேனே அத்தான். இன்னிக்காவது வாடான்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க லென்ஸப் பத்தியே பேசுனீங்க."

திட்ட ஆள் கிடைத்தும் திட்ட முடியாத எரிச்சல் இருக்கிறதே, அது பெரிய கொடுமை.

மனைவி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். எழுந்து நின்று, தோளில் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். சம்பந்தி வீட்டுக்குப் பேசுகிற குரலில், "தம்பி, எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். நீ அவசியம் வந்து..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் அழைப்பு வார்த்தை ஓடவில்லை. "வாடா" என்று உடைந்து அழுதுவிட்டாள். அவனும் அந்தப் பக்கம் அழுதான். இரண்டு பேரும் அம்மா, அம்மா என்றுதான் அழுதார்களே தவிர, கல்யாணப் பேச்சு ஒன்றும் காதில் விழவில்லை.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாப்பது நாளா அவன்கிட்ட பேசுனீங்களே, இந்த ஒரு வார்த்தையக் கேக்கத் தெரியலயா ஒங்களுக்கு?"

"நீதானடி கேக்கக் கூடாதுன்ன!"

"நான் சொன்னா? கூடப்பொறந்தவ ரோஷத்துல ஆயிரம் சொல்லுவா. நீங்க கேக்கவேண்டியதுதான!"

ஸ்பீக்கரிலிருந்து அவன் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான். "அத்தான்..."

"என்னடா?"

"டிக்கெட் போடுறேன். வந்ததும் மொத வேலையா என் கண்ண டெஸ்ட் பண்ணுங்க. மருமவ மொகம் ஃபோன்ல சரியாவே தெரியல."