அண்ணியின் நாற்காலியைப் பார்த்தவர்கள்

"முன்னூத்திப் பன்னெண்டு பேர் பாத்திருக்காங்க" என்றாள் அண்ணி. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் கண் கைப்பேசியில், நாற்காலி விற்கப் போட்டிருந்த விளம்பரத்தில் இருந்தது.

நான் எட்டி அடுப்பை அணைத்தேன். "யாராவது ஏதாவது கேட்டாங்களா அண்ணி?"

"ஒருத்தர் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"சாப்பாட்டு மேசை இருக்கான்னு."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவளே சிரித்துவிட்டாள். "நேத்து இதைவிட எவ்வளவு கம்மி தெரியுமா? ஒரே நாள்ல எப்படி ஏறியிருக்கு பாரு. நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கே இவ்வளவு பேர் வரல."

"கல்யாணத்துக்கு வந்தவங்க மொய்யாவது வெச்சாங்க."

"வாயே தொறக்க மாட்டா, தொறந்தா இப்படி. அமுக்குணி! பாக்கட்டும், பாத்துப் பாத்துத்தானே மனசு வரும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும், அப்புறம் டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்றேன்."

அண்ணி எட்டு வருடம் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள். அங்கே அவளுக்குக் கொடுத்திருந்த சுழல் நாற்காலி, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மெல்லக் கீழே இறங்கிவிடும். காத்திருக்கும் நோயாளிகளுக்கு அவள் நெற்றி மட்டும்தான் தெரியும். சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒரு மதிய இடைவேளையில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, உயரத்தைத் தாங்கும் தண்டைக் கழற்றி, வேறொன்று வாங்கி மாட்டிவிட்டாள். அடுத்தது டாக்டரம்மாவின் முக்காலி. அதற்கும் அடுத்தது, இடம் மாறிய ஓர் அலுவலகம் தெருவோரம் குவித்துவிட்டுப் போன நாற்காலிகள். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மோட்டார் அறைக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வேலைக்கு நீண்ட விடுப்பு சொன்னாள்.

அந்த அறையில் கழற்றிய சக்கரங்கள் ஒரு வாளி நிறைய இருக்கும். சுவரோரம் பழைய இருக்கைகள், தோல் உரித்ததுபோல் பஞ்சு தெரியக் கிடக்கும். புதுத் துணியை இழுத்துப் பிடித்து இருக்கையின் அடியில் பின் அடித்ததும் அண்ணி முழங்காலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பாள். பிறகு தானே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவாள். எங்காவது கிறீச்சென்றால் மறுபடி கவிழ்த்துவிடுவாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வருவாளா மாட்டாளா என்று சொல்லும்படி டாக்டரம்மா கேட்டிருந்தார். அதற்குமேல் வேறு ஆள் போட்டுவிடுவார். திரும்பிப் போனால் கீழறையைக் காலி செய்ய வேண்டும். போகாவிட்டால் அண்ணிக்கு நாற்காலிதான் பிழைப்பு. ஆனால் இணையச் சந்தையில் போட்ட விளம்பரத்தில் ஒரு நாற்காலிகூட விற்கவில்லை. பார்வை எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதை நம்பித்தான் அவள் பதிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மேசையில யார் உக்காந்தாலும் ஒண்ணுதான்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "இந்த ரூம்ல நான் இல்லன்னா இதெல்லாம் குப்பைக்குப் போயிடும்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, எண்ணிக்கை நானூறைத் தாண்டிவிட்டதென்று அண்ணி அறிவித்தாள்.

"அதுல நான் போடறதும் இருக்குல்ல?" என்றாள் அம்மா, பெருமையாக.

"நீங்க என்ன அத்தை போடறீங்க?"

"பார்வைதாம்மா. காலைல எந்திரிச்சதும் ஒண்ணு, சாயங்காலம் டீ குடிக்கறப்ப ஒண்ணு. என் தங்கச்சி வீட்லயும் சொல்லி வெச்சிருக்கேன். நம்ம பொண்ணு கடை காத்தாடலாமா?"

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க ஆபிஸ்லயும் தினம் ஒரு ரவுண்டு பாத்துடுவாங்க. டீ வாங்கிக் கொடுத்துத்தான் பாக்க வெக்கறேன்."

அண்ணிதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மிச்சச் சாப்பாட்டை அவள் மென்றாளே தவிர, ருசித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை உத்தரவு வந்தது. "இனிமே இந்த வீட்ல யாரும் என் நாற்காலியப் பாக்கக் கூடாது."

"உக்காரலாமா?" என்றான் அண்ணன்.

"தாராளமா உக்காருங்க. பாக்கத்தான் கூடாது."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்."

"தெரியாதா அத்தை? கண்ணு பட்டுடும்னு வெச்சுக்கோங்களேன்."

பழைய விளம்பரத்தை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். செவ்வாய்க்கிழமை மாலை நான் கீழே போனபோது எண்ணிக்கை ஒன்பதில் நின்றது. நான் சட்டென்று வேறு பக்கம் பார்த்தேன். அண்ணியோ விருந்தாளிகளை அறிமுகப்படுத்துவதுபோல் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ஒன்பதே பேர். ஆனா ஒருத்தர்கூட நம்ம சொந்தக்காரங்க இல்ல. கூட்டம் வந்தும் யாரும் கேக்கலன்னு படத்தைக் குத்தம் சொன்னேன், துணி நிறத்தைக் குத்தம் சொன்னேன். கூட்டமே வரலடி. வேணும்கிறவங்க கண்ணுலயே இது படல, அப்புறம் எங்க கேக்கறது?"

விளம்பரத் தலைப்பை அண்ணன்தான் எழுதிக் கொடுத்திருந்தான். புதுப்பிக்கப்பட்ட உயர்தர அலுவலக நாற்காலி. அண்ணி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள்.

"எட்டு வருஷம் போன் எடுத்திருக்கேன். ஒருத்தராவது 'எனக்கு வேர் சிகிச்சை வேணும்'னு பேசியிருக்காங்களா? 'கீழ் வரிசையில கடைசிப் பல்லுங்க, தூங்கவே முடியல'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நாற்காலி தேடறவங்க மட்டும் 'உயர்தரம்'னா தேடுவாங்க?"

அன்று இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை. குட்டையான அம்மாவை ஒவ்வொரு நாற்காலியிலும் உட்காரவைத்துக் கால் தரையில் பதிகிறதா என்று அண்ணி குனிந்து பார்த்தாள். நெட்டையான அண்ணனின் முழங்கால் எங்கே இடிக்கிறது என்று பார்த்தாள். "நானென்ன துணிக்கடை பொம்மையா?" என்று அவன் முனகினான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளம்பரம். குள்ளமானவர்களுக்கு, கால் தொங்காது. நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கு, இடுப்பு வலிக்காது.

எண்ணிக்கை நானூறு பக்கம் போகவேயில்லை. ஆனால் புதன்கிழமை மாலைக்குள் மூன்று பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அவர்களில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் ஒரு பெண், கால் நிஜமாகவே தரையைத் தொடுமா என்று கேட்டுவிட்டு மறுநாளே நேரில் வந்தாள். உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கொஞ்ச நேரம் அப்படியே கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாள் ஒரு அட்டைப்பெட்டி மேல காலை வெச்சிட்டிருந்தேங்க" என்றாள். கைப்பிடியில் ஒரு கீறல் இருந்ததை அண்ணி காட்டியபோது, "படத்துல இது தெரியலையே" என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்றிருந்த நான், யாரும் கேட்காமலே, "இது முழுக்க எங்க அண்ணி செஞ்சது" என்றேன். அறிமுகமில்லாதவர்களிடம் அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.

டாக்டரம்மா சொன்ன அந்த வெள்ளிக்கிழமை காலை அண்ணி மருத்துவமனைக்குப் பேசினாள். "நான் வரல டாக்டரம்மா. வேற ஆள் போட்டுக்கோங்க. உங்க முக்காலி மக்கர் பண்ணினா மட்டும் கூப்பிடுங்க, ஓடி வந்துடறேன்."

பேசி முடித்ததும் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"நீ தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் படிச்சவ. இங்கிலீஷ்ல தேடறவங்களுக்கும் விளம்பரம் எழுதிக் குடு. ஆனா ஒண்ணு, எங்கெங்க கீறல் இருக்கோ அதையெல்லாம் மறைக்காம முதல்லயே எழுதிடு. பாக்கறவங்க கம்மியானா ஆயிட்டுப் போகட்டும். இவ்வளவு தூரம் வந்து உக்காந்தவங்க முகம் ஒரு நிமிஷம்கூட மாறக் கூடாதுடி."