கற்பூரத்தை அணைத்த கை

தலைவலி என்று வைத்தியரிடம் போகிறவன் வயிற்றைக் காட்டமாட்டான். வக்கீலிடம் வருகிறவன் மட்டும் காட்டுவான். முப்பதுகளில் கோயமுத்தூர் முன்சீப் கோர்ட்டில் சின்ன வக்கீலாக இருந்த எனக்கு இது தினப்படி எரிச்சல்.

துடியலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விதவை அம்மாள் வந்தார். கணவர் இறந்த மாதமே, தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கக் கூடாது என்று கொழுந்தன் தடுத்துவிட்டாராம். கிணறு முழுவதும் தன்னுடையது, அண்ணனைப் பாவம் பார்த்து விட்டிருந்தேன் என்பது அவர் கட்சி. அம்மாளிடம் ஒரு பத்திரம் இருந்தது. கிணற்றில் பாதி அண்ணனுக்கு என்று கண்டு, தம்பி கையெழுத்தும் போட்டிருந்தது. கணவர் சாகுமுன் கையில் கொடுத்ததாம். அது தன் கையெழுத்தே இல்லை என்றார் கொழுந்தன்.

எனக்குக் கவலையில்லை. பத்திரம் எழுதிய கிழவரையே தேடிப் பிடித்துச் சாட்சிக்கு வைத்திருந்தேன். வழக்கு பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

விசாரணையன்று காலை அம்மாள் என் முன்னால் வந்து நின்றார். "ஏனுங்க வக்கீலய்யா, கொழுந்தனாரு மாகாளியம்மன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டுங்க. பண்ணிப்போட்டா நான் உட்டுடறேன்."

"கெலிக்கிற கேஸை யாராவது விடுவாங்களா அம்மணி?" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. எதிரியின் சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் கோர்ட்டும் அதை ஏற்கும். சட்டத்தில் அப்படி ஓர் இடம் வைத்தவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த வெள்ளிக்கிழமை, கோயிலில், சத்தியத்தைப் பதிவுசெய்யக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் முன்னால், கொழுந்தன் ஈர வேட்டியோடு நின்றார். "அது என் கையெழுத்து இல்லீங்க" என்று சொல்லி, எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கை நடுங்கியதா என்று உற்றுப் பார்த்தேன். நடுங்கியது. பொய் சொன்னதாலா, சூட்டாலா, அம்மனிடம் உள்ள பயத்தாலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வழக்கு போயிற்று. அதோடு அம்மாளின் தோட்டத்துத் தண்ணீரும், பாதி வளர்ந்திருந்த வெங்காயமும் போயின.

கோயில் வாசலில் அம்மாள் என் பக்கம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அப்ப எங்கூட்டுக்காரரு எங்கிட்டப் பொய்க் கடுதாசியக் குடுத்துப்போட்டா செத்தாருங்க?"

இதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனையும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிணறு அவருக்கு இரண்டாம் பட்சம். மனம் கேட்காமல், "இல்லீங்க அம்மணி. பத்திரம் நிஜம். எழுதுனவரே எங்கிட்டச் சொன்னாரு" என்றேன்.

அம்மாள் ஆறுதலடைவார் என்று நினைத்தேன். மாறாக, முகம் வெளிறிப் போயிற்று.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க சாமி! அப்ப கொழுந்தனாரு அம்மன் முன்னால பொய்ச் சத்தியமா பண்ணுனாரு? அவரு பிள்ளைக மூணும் என் இடுப்புல வளந்ததுங்க. அதுகளுக்கு என்ன ஆகும்?"

என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டுல எதுங்க நான் நம்பறது?"