வேல்முருகன் ஆர்டர் கொடுத்த செடிகள்

1. போன்

செடி அனுப்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால், ஆர்டர் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் போன் செய்ய வேண்டும். பாத்தி போட்டாச்சா, சொட்டுநீர் பைப் இழுத்தாச்சா, பாத்தி மேல் மூடும் மல்ச்சிங் ஷீட் வாங்கியாச்சா என்று விசாரிக்க வேண்டும். ஸ்ட்ராபெரி நர்சரியில் சூப்பர்வைசராக இருந்த வருஷங்களில் எனக்குப் பிடிக்காத வேலை இதுதான். பாதிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள். எடுப்பவர்களில் பாதிப் பேர் பாத்தி போடாமலே போட்டாச்சு என்பார்கள்.

அந்தப் புரட்டாசியில் எலவனாசூர்கோட்டைப் பக்கத்து வேல்முருகனுக்குப் போன் செய்தேன். ஒரு அம்மா எடுத்தார்.

"வேல்முருகன் இருக்காப்லயா? நர்சரியிலேர்ந்து பேசறன். ஸ்ட்ராபெரிச் செடி ரெடியாயிக்கினு இருக்கு, பாத்தி வேல எந்த மட்டுல இருக்குன்னு கேக்கலாம்னு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நர்சரி இருக்கும் மலையில் டவர் அடிக்கடி போகும். லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து நான் பாட்டுக்கு ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"அவன் இல்லப்பா," என்றார் அந்த அம்மா. "மஞ்சக் காமால. காரியம் கூட முடிஞ்சிடுச்சி."

வேல்முருகன் சித்திரையில் பைக்கில் மலையேறி வந்தவன். காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்வந்தபோது அங்கே ஸ்ட்ராபெரித் தோட்டங்களைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டான். எங்கள் ஷேட்நெட் பந்தலுக்குள் நின்று அரை நாள் கேள்வி கேட்டான். கேள்வி கேட்பவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது, வேலை கெடும். இவனைப் பிடித்திருந்தது. ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்கவில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழம் தின்றே நான் தொப்பை போட்டதாகச் சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். நர்சரியில் நாங்கள் ஒரு பழத்தையும் பழுக்க விடமாட்டோம். வடக்கே பனி விழும் மலைகளிலிருந்து தாய்ச்செடி வரும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே, இருப்பதிலேயே குளிரான சரிவில் அதை நடுவோம். பூ வந்ததும் கிள்ளிப் போட்டுவிடுவோம். அப்போதுதான் சத்தெல்லாம் கொடிக்குப் போய், கொடி நுனியில் குட்டிச் செடி வரும். அதைத் தட்டில் பதித்து, வேர் பிடித்த பிறகு கொடியை வெட்டுவோம். ஆனால் உடனே கீழே அனுப்ப மாட்டோம். ஐப்பசி முழுக்க மலைக்குளிரில் இருந்தால்தான் செடிக்குள் பூ உருவாகும். அவசரப்பட்டுச் சமவெளிக்கு இறக்கினால் இலையாக மண்டுமே தவிரக் காய்க்காது.

வேல்முருகன் சொல்லிவைத்த செடிகள் அப்போது தட்டுகளில் வேர் பிடித்திருந்தன. ஆள் போய்விட்டான், ஆர்டர் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

கள்ளக்குறிச்சியில் இருந்த முதலாளியிடம் சொன்னேன். அடப்பாவமே என்றார். பிறகு, "ஓசூர் பார்ட்டி ஒருத்தன் செடி கேட்டு உயிர வாங்கறான்யா. அதத் தூக்கி அவனுக்கு வுட்ரு. துக்க வூட்ல போயி செடி வோணுமான்னு எப்படிக் கேக்கறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. செடி காத்திருக்காது.

பதியம் போடும் பெண்களில் மூத்தவள் பொன்னி. மலைக்காரப் பெண். தட்டுகளைத் தனியாக எடுத்துவைக்கச் சொன்னபோது அவள் நகரவில்லை.

"அந்தத் தட்டுல கை வெக்காதீங்கண்ணா. அவங்க வூட்லேர்ந்து வேணான்னு ஒரு வார்த்த வரட்டும்."

2. பாத்தி

ஒரு வாரம் கழித்து மத்தியான பஸ்ஸில் வெள்ளிமலையில் இறங்கி ஒருவர் நடந்தே மேலே வந்து, கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மொட்டையடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது.

"வேல்முருகன் அப்பாங்க. கொளஞ்சி."

ஆர்டரை கேன்சல் செய்ய வந்திருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று நானே முந்திக்கொண்டு, "பரவால்லிங்கண்ணா, செடிய வேற ஆளுக்கு மாத்தி வுட்டுக்கறோம்," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "மாத்தறதா? எம்புள்ள சொன்ன செடிய எடுத்துக்கினு போவத்தான் தம்பி வந்தன். இன்னிக்கே குடு."

குளிர் ஏறாமல் கொடுக்க முடியாது என்று சொன்னேன். குளிருக்கும் பழத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கினேன். அவர் எதையும் காதில் வாங்கவில்லை.

"அவன் போட்ட பாத்தி தம்பி. உடம்பு முடியாமயே மம்முட்டி புடிச்சி அவங் கையால போட்டது. ரெண்டு மழ அடிச்சா கரஞ்சி மட்டமாயிடும். அதுக்குள்ள நட்டாவணும்."

அப்போதுதான் அவர் அவசரம் எனக்குப் புரிந்தது. "செடி நட்டாலும் மழ கரைக்கும்ணா. நீங்க இன்னா பண்றீங்க, மல்ச்சிங் ஷீட்ட இப்பவே பாத்தி மேல விரிச்சி ரெண்டு ஓரமும் மண்ணு தள்ளி வுட்டுடுங்க. எவ்ளோ மழ அடிச்சாலும் பாத்தி அப்படியே நிக்கும். கார்த்திகையில நான் செடியோட வரேன்."

"நிக்குமா?"

"நிக்கும்ணா."

மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார். பொன்னி தண்ணீர் கொடுத்தாள். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"கரும்பு போட்ற நெலத்துல சீமப்பழம் இன்னாடான்னு கேட்டுட்டன். வார்த்த ஜாஸ்தியாயிடுச்சி. ஒரு மூலைய அவம்பாட்டுக்கு எடுத்துக்கினான். அதோட எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு. ஒரே வூடு, ஒரே சட்டி சோறு. மூஞ்சிய மட்டும் பாக்கல. பாத்திருந்தா கண்ணு மஞ்சளா இருந்தது தெரிஞ்சிருக்கும்ல தம்பி?"

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன்.

3. கழுத்து

கார்த்திகையில் மழை இரண்டு நாள் விட்ட சமயம் பார்த்து, விடியற்காலையில் குட்டியானை வண்டியில் தட்டுகளை ஏற்றினோம். வழக்கமாக டிரைவரோடு செடியை அனுப்பிவிடுவேன். அன்று நானும் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் தாண்டிப் போய்ச்சேரும்போது வெயில் வந்துவிட்டது.

பாத்திகள் கறுப்பு ஷீட்டுக்கு அடியில் ஓரம் சிதையாமல் நின்றன. கொளஞ்சி ஒவ்வொரு மழைக்கும் போய் மண் தள்ளியிருக்கிறார்.

நடுவதற்கு ஊரில் நாற்று நடும் பெண்களைக் கூப்பிட்டிருந்தார். நான் மோட்டாரையும் சொட்டுநீர் ஃபில்டரையும் பார்த்துவிட்டு வருவதற்குள் ஒரு பாத்தி முடிந்திருந்தது. வந்து பார்த்தால் எல்லாச் செடியும் கட்டைவிரலால் அழுத்திப் புதைக்கப்பட்டிருக்கிறது. ஸ்ட்ராபெரிச் செடிக்கு உயிர் கழுத்தில். வேருக்கும் இலைக்கும் நடுவே விரல் பருமனுக்கு இருக்கும். மண் மூடினால் அழுகும், தூக்கி நின்றால் காயும். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, கத்திவிட்டேன்.

நட்ட அம்மா ஒருவர் சேற்றுக் கையோடு நிமிர்ந்தார். "நாத்து நட்டே பழகின கை சார் இது. மேலாக்கா வெக்கச் சொன்னா கை கேக்க மாட்டேங்குது."

"யாரையும் திட்டாத தம்பி," என்றார் கொளஞ்சி. "எந்த மட்டுல இருக்கணும்னு ஒரு செடிய வெச்சிக் காட்டு."

காட்டினேன். அவர் முட்டி போட்டு, புதைந்த செடிகளை ஒவ்வொன்றாக விரல் விட்டுத் தூக்கி, கழுத்தைத் துடைத்து மறுபடி வைத்தார். வேறு யாரையும் அந்தப் பாத்தியில் கைவைக்க விடவில்லை. அன்று என் போனை எடுத்த அவருடைய மனைவி அஞ்சலை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு தினமும் போன் வரும். இலை ஓரம் சிவக்குது தம்பி. மழத்தண்ணி பாத்திக்கு நடுவுல நிக்குது தம்பி. மருந்து எவ்ளோ ஊத்தறது, ஜாஸ்தியா போயிடப் போவுது. எத்தனையோ விவசாயிகளுக்குச் செடி கொடுத்திருக்கிறேன். இந்த மனுஷன் பார்த்ததுபோல் யாரும் செடியைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை.

4. தை

தை பிறந்து கொஞ்ச நாளில் அஞ்சலை போன் செய்தார். பழுக்க ஆரம்பித்துவிட்டது, ஒருநாள் வந்துவிட்டுப் போங்கள் என்றார்.

போனேன். ஷீட்டின் மேல் பாத்தி நெடுகச் சிவப்பாகக் கிடந்தது. எலவனாசூர்கோட்டை வெயிலில் இப்படிக் காய்க்கும் என்று சத்தியமாக நானே எதிர்பார்க்கவில்லை. ரிஷிவந்தியத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பைக்கில் வந்து நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "கொளஞ்சி தோட்டம் எது?" என்று ரோட்டில் கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டியது. அஞ்சலை பழத்தைப் பறித்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

கொளஞ்சி மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் சந்தோஷத்தில் கிட்டப் போய், "பாத்தீங்களாண்ணா, வேல்முருகன் சொன்னது சரியாப் போச்சு," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காய்க்கக் கூடாதுன்னு வேண்டிக்கினு இருந்தன் தம்பி."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"நானா தண்ணி காட்டாம சாவடிச்சா அது பாவம். அதான் கண்ணுல வெச்சிப் பாத்தன். அவ்ளோ பாத்தும் இது வரலன்னு வெய்யி, அப்ப நாஞ் சொன்னதுதான் சரி. ஒரு அப்பன் வேணான்னு சொன்னதுல நாயம் இருக்குதுன்னு ஆயிடும். நானும் எப்படியோ தேத்திக்கினு இருந்துடுவன்." பாத்திப் பக்கம் கையைக் காட்டினார். "இது இப்படிக் காச்சிக் கொட்டுது. எம்புள்ள கரெக்ட்டா சொல்லிக்கிறான். ஒண்ணுமில்லாததுக்கு அவங்கூடப் பேசாம இருந்துட்டன் தம்பி."

அழுதார். சத்தம் வெளியே வராமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அந்தப் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது.

"வெய்யக்காலத்துல இது நிக்குமா?"

"நிக்காதுண்ணா. கீழ ஒரு பருவம்தான். பங்குனியில கருகிடும். அடுத்த வருஷம் புதுசாத்தான் நடணும்."

"இன்னா பண்ணாலும்?"

"இன்னா பண்ணாலும்."

5. பிளாஸ்டிக் வாளி

நர்சரியில் ஒரு விதி உண்டு. மலையிலிருந்து கீழே போன செடி திரும்ப மேலே வரக்கூடாது. சமவெளியில் சிலந்திப்பூச்சியும் வேரழுகலும் தொற்றியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு செடி உள்ளே வந்தால் தாய்ச்செடி மொத்தமும் போகும். அந்தத் தாய்ச்செடிகளை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானே கேட்டில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தேன்.

சித்திரை நடுவில் கொளஞ்சி வந்தார். கையில் பிளாஸ்டிக் வாளி, மேலே ஈரச் சாக்கு. சாக்கை விலக்கிக் காட்டினார். ஒரே ஒரு செடி, நாலைந்து இலை. ஓரமெல்லாம் கருகியிருந்தது. நடுக்குருத்து மட்டும் பச்சை.

"தென்னங்கீத்துல பந்தல் போட்டன். வேளாவேளைக்குத் தண்ணி தெளிச்சன். எல்லாம் போச்சு. இது ஒண்ணுதான் நின்னுது," என்றார். "இங்கதான் குளுரா இருக்குதே. ஒரு ஓரமா வெச்சா பொழச்சிக்கும்ல?"

பிழைத்துக்கொள்ளும். அதுதான் கஷ்டம். அந்தக் குருத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது.

"உள்ள வுட முடியாதுண்ணா," என்றேன். காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே வாய் கசந்தது.

பின்னாலிருந்து பொன்னி, "எங்க வூட்டாண்ட வெச்சிக்கட்டாண்ணா? இங்கேர்ந்து எவ்ளோ தூரம்," என்றாள்.

"நீ காலையில அதத் தொட்டுட்டு இங்க வந்து தாய்ச்செடியத் தொடுவ. வேணாம் பொன்னி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்வது! ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கொளஞ்சி சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சாக்கை நிதானமாக மூடினார்.

"சரி தம்பி. நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்."

அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. வெள்ளிமலை வரை கூட நடந்தேன். வழியில் ஒரு குழாயில் நின்று செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டார். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டார். வெயில் அந்தப் பக்கம் அடித்ததால், எழுந்து மறுபக்கத்து சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

புதிதாக நர்சரி வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கீழேயிருந்து வரும் செடியை உள்ளே விடாதீர்கள், யார் கேட்டாலும் விடாதீர்கள். ஆனால் அதைக் கொண்டுவந்தவரோடு பஸ் நிற்கும் இடம்வரை நடந்து போங்கள். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். அன்று பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றேன், எனக்கும் தெரியவில்லை.